அங்கிளின் படகுக்குக் கரண்ட் கொடுத்தது

நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு சனிக்கிழமை காலையில், காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் கரவன் வண்டி பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். சாயந்திரம் படகு வாங்கிக்கொண்டு வந்தார்.

வீடு டூங்காபியில். முன்வீட்டில் அவரும் அவர் மனைவியும், பின்பக்கத்துச் சின்ன வீட்டில் நான். அவர்கள் இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர் சிட்னியில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி நர்ஸ், இன்னும் வாரத்தில் சில நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார். நான் விருதுநகர்ப் பக்கத்து ஆள் என்பதால் முதலில் அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிட ஆரம்பித்தேன். ஆறு மாதத்துக்குள் என் வாயில் ஆன்ட்டி தேய்ந்து அன்ரி ஆகிவிட்டது. அங்கிள் மட்டும் தேயவில்லை.

"கரவன் எண்டா ரோட்டில நிக்கும்," என்றார் அன்ரி, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல். "இது தண்ணியில நிக்கும். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலோ இவ்வளவு காலமும் பஸ் ஓடினனீங்கள்?"

"ரோட்டில ஓடி ஓடி அலுத்துப்போச்சு. அதுதான் தண்ணி."

"அப்ப நீங்களே போய்ப் படுங்கோ தண்ணியில."

அங்கிளுக்கு அது பெரிய அடி. அந்தப் படகை அவர் வாங்கியதே அன்ரியோடு ஒரு இரவு தங்கத்தான். ஜார்ஜஸ் நதியில் ஒரு படகுத்துறையில் அது நின்றது. உள்ளே இரண்டு பேர் படுக்க ஒரு அறை, நின்று சமைக்க ஒரு மூலை, உட்கார ஒரு பெஞ்சு. விடியற்காலையில் தண்ணீரைப் பார்த்தபடி இருவரும் தேத்தண்ணி குடிக்க வேண்டும். இதை என்னிடம் சொன்னார். அன்ரியிடம் சொல்ல அவருக்கு வெட்கம். அன்ரியிடம் "மீன் பிடிக்கலாம்" என்றுதான் சொன்னார். அன்ரிக்கு மீன் வாங்கப் பிடிக்கும், பிடிக்கப் பிடிக்காது.

பத்து நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு அன்ரி ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். அவருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைப்படும் தொந்தரவு உண்டு. மூக்கில் குழாய் மாட்டிக்கொண்டு படுக்கும் ஒரு மெஷின் இல்லாமல் தூங்க மாட்டார்.

"ஒரு இரவு வாறன். என்ர மெஷின் விடியும்வரைக்கும் நிக்காமல் ஓட வேணும். ஓடினா போட் இருக்கட்டும். இடையில நிண்டுதெண்டா, அடுத்த நாளே விக்கிறதுக்கு விளம்பரம். சரியோ?"

"ஓம்," என்றார் அங்கிள்.

சரி என்று சொல்லிவிட்டு நேரே கடைக்குப் போய் ஆரஞ்சு நிறத்தில் நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று வாங்கினார். படகுத்துறையில் இரண்டிரண்டு படகுக்குப் பொதுவாக ஒரு மின்கம்பம் நிற்கும், இடுப்பு உயரத்தில், அதில் சாக்கெட் இருக்கும். அதில் ஒரு முனையைச் செருகி, வயரைப் படகின் ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, முனையில் ஒரு பலகை சாக்கெட்டை மாட்டி, அதில் மின்விசிறி, கெட்டில், போன் சார்ஜர் எல்லாவற்றையும் குத்தினார். அன்றைக்கு மழை. வயரின் இணைப்பு ஒன்று கயிறு போட்டு வைக்கும் வாளிக்குள் கிடந்தது. வாளியில் தண்ணீர் நிரம்பியது. கம்பத்தின் பாதுகாப்பு ஸ்விட்ச் விழுந்து கரண்ட் நின்றது. அதே கம்பத்தில் கரண்ட் எடுக்கும் பக்கத்துப் படகின் ஃபிரிட்ஜும் சேர்ந்து நின்றது. அதற்குள் தூண்டிலுக்கு வைத்திருந்த இறால் இருந்தது. மறுநாள் அந்த வரிசை முழுவதும் அந்த இறாலின் வாசனையில் நின்றது.

படகுத்துறை மேலாளர் அமைதியான மனிதர். அங்கிளைக் கூப்பிட்டு, லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரீசியனை வைத்து ஒழுங்காகப் பேனல் போட்டு, சான்றிதழ் கொடுத்தால்தான் இனிமேல் அந்தக் கம்பத்தில் கை வைக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் நான் இந்தக் கதைக்குள் வருகிறேன். எனக்கு லைசன்ஸ் வந்து அப்போது இரண்டு மாதம். ஊரில் எலெக்ட்ரிகல் படித்திருந்தும் இங்கே மறுபடி படித்து, மறுபடி பரீட்சை எழுதி வாங்கிய லைசன்ஸ். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். அதனால் சின்ன வயதிலிருந்தே தெருவுக்கே படித்துச் சொல்லும் வேலை என்னுடையது. மாத்திரை அட்டை, உர மூட்டை, கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் என் கைக்கு வரும். ஒரு வரியை விட்டுவிட்டால் யாராவது மாத்திரையை மாற்றிப் போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் முழுவதையும் படிப்பேன், அச்சகத்தின் முகவரி உட்பட. அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு பிரேக்கர் வாங்கினால் அதன் பெட்டியில் இருக்கும் துண்டுச்சீட்டை எத்தனை மொழியில் இருந்தாலும் புரட்டிப் பார்ப்பேன்.

படகுக்கான விதிகளையும் அப்படித்தான் படித்தேன். படித்ததை அங்கிளுக்கும் சொன்னேன்.

"வீட்டு வயரிங் மாதிரி இல்ல அங்கிள். படகு ஆடிக்கிட்டே இருக்கும். ஒத்தைக் கம்பி வயர் போட்டா ஆட்டத்துல உள்ளுக்குள்ளயே ஒடிஞ்சுடும். மெல்லிசான இழை நிறைய இருக்கிற வயர்தான் போடணும், அதுவும் ஈயம் பூசுனது."

"என்னட்டை கராஜில நல்ல வயர் ஒரு சுருள் கிடக்குது தம்பி. பாவிக்காதது, புதுசு."

"அது ஒத்தைக் கம்பி அங்கிள்."

"பாவிக்காதது எண்டு சொல்லுறன்."

"பாவிக்காத ஒத்தைக் கம்பி அங்கிள்."

சனிக்கிழமை விடிந்ததும் வேலையை ஆரம்பித்தேன். கரையிலிருந்து வரும் வயரைச் செருக, படகின் பக்கவாட்டில், தண்ணீருக்கு நன்றாக மேலே, வட்டமாக ஒரு துளை போட வேண்டும். துளை போடும் பிளேடை டிரில்லில் மாட்டும்போது, அன்ரி முதல் தடவையாகப் படகைப் பார்க்க வந்து சேர்ந்தார். மரப்பாலத்தில் நின்றபடி என்னைப் பார்த்தார், டிரில்லைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார்.

"போட்டில ஓட்டை போடுறதுக்கு ஆள் பிடிச்சு வச்சிருக்கிறவரை இப்பதான் பாக்கிறன்."

"உது தண்ணிக்கு மேல," என்றார் அங்கிள்.

"இப்ப மேல."

துளைக்கு ரப்பர் வளையம் வைத்து, பசை பூசி, மூடியோடு கூடிய இணைப்பைப் பொருத்தி, அதன்மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். துளை வழியாக உள்ளே சொட்டுக்கூட வரவில்லை. அன்ரி உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, பேசாமல் காருக்குப் போனார். பேசாமல் போனதே சம்மதம் என்று அங்கிள் சந்தோஷப்பட்டார்.

பிறகு பேனல். கரையிலிருந்து வரும் இரண்டு கம்பியையும் ஒரே இழுப்பில் துண்டிக்கும் பெரிய ஸ்விட்ச் முதலில். அதற்குக் கீழே சமையல் மூலைக்குத் தனியாக ஒன்று, படுக்கை அறைக்குத் தனியாக ஒன்று. இந்த இரண்டும் சாதாரண பிரேக்கர் இல்லை. போன கரண்ட் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும், அதாவது ஈரத்திலோ ஒரு மனிதரின் உடம்பிலோ புகுந்து வேறு வழியாகத் தண்ணீருக்குப் போனாலும், கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். சமையல் மூலைக்கு இருப்பதிலேயே கூர்மையானதாகப் பார்த்து வாங்கினேன். கரைக் கம்பம் விழித்துக்கொள்வதற்கு முன் இது விழித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கணக்கு. எல்லா நேரமும் அப்படி நடக்கும் என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்கவில்லை.

"ஒண்டு போதாதோ?" என்றார் அங்கிள்.

"கெட்டில்ல கோளாறு வந்தா அன்ரி மெஷின் நிக்கக்கூடாதுல்ல அங்கிள்."

அங்கிள் போய்ப் பிளாஸ்கைத் திறந்தார். எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார், நான் கேட்காமலே பிஸ்கட்டும்.

வேலை முடியும்வரை கரைக் கம்பத்தில் எங்கள் படகுக்கான ஸ்விட்சை மட்டும் அணைத்து, அதில் என் பூட்டு ஒன்றைப் போட்டிருந்தேன். வேலை செய்பவரின் பூட்டு, வேலை செய்பவரிடம் சாவி, இதுவும் விதிதான். சாவி தொலைந்துவிடக் கூடாது என்று அதை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். இது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. அம்மா வீட்டுப் பெட்டிச் சாவியை இடுப்பில் முடிந்து வைத்திருக்கும் முறை.

ஞாயிறு காலை பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை நல்ல நேரம். அன்ரி அதற்கு முந்திய வாரமே ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போய், படகுச் சாவியைச் சந்நிதியில் வைத்து அர்ச்சனை செய்து, நேரமும் கேட்டு வந்திருந்தார். அந்த நேரத்துக்குள் கரண்ட் கொடுத்து, பால் காய்ச்சி, குடிபுக வேண்டும். படகில் கேஸ் கிடையாது. மின்சார அடுப்புத்தான். ஆகவே முதல் கரண்ட், முதல் பால், இரண்டும் என் கையில்.

பத்து மணிக்கே அன்ரி பட்டுச்சேலையில் மரப்பாலத்தில் நின்றார், கையில் புதுப் பானை, பால் போத்தல், தன் மெஷின் இருக்கும் பெட்டி. நான் அப்போது ஒவ்வொரு வயராக அளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏர்த் கம்பி எல்லா இடத்துக்கும் போய்ச் சேருகிறதா, வயரின் உறை எங்கேயாவது கசிகிறதா, இரண்டு கம்பியும் இடம் மாறாமல் இருக்கிறதா. ஒரு சாக்கெட்டில் கசிவு அளவு எனக்குத் திருப்தியாக இல்லை. கழற்றிப் பார்த்தால் முந்திய நாள் நான் வாளியால் ஊற்றிய தண்ணீர், ஜன்னல் வழியாகத் தெறித்து அதற்குள் ஈரமாக இருந்தது. துடைத்துக் காயவைத்தேன்.

"தம்பி, பத்தரை ஆகுது."

"இன்னும் ரெண்டு டெஸ்ட் இருக்கு அங்கிள்."

"ஒரு நிமிஷம் போட்டுப் பாலை வச்சிட்டு, பிறகு டெஸ்ட் செய்யுமன்."

"டெஸ்ட் முடியாம போடக்கூடாது அங்கிள்."

"நீர் சாவியைத் தாரும், நான் போடுறன்."

"சாவி அரைஞாண் கயித்துல இருக்கு அங்கிள்."

அங்கிள் கொஞ்ச நேரம் என் இடுப்பையே பார்த்தார். பிறகு மரப்பாலத்தைப் பார்த்துச் சொன்னார்: "இஞ்சேரும், எஞ்சினியர் அரைஞாண் கட்டியிருக்கிறார். அதில சாவி. நானென்ன செய்ய?"

"விடுங்கோ, பெடியன் செய்யட்டும்," என்றார் அன்ரி. "ஆஸ்பத்திரியில டொக்டர் அவசரப்படுத்தினாலும் நாங்கள் ஊசி மருந்தை ரெண்டு பேர் பாத்துத்தான் போடுறது."

பக்கத்துப் படகுக்காரர் தன் படகின் அடிப்பக்கம் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்ட, மார்பளவு தண்ணீரில் இறங்கி நின்றிருந்தார். அவர் படகில் ரேடியோவில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. படகில் கரண்ட் கசிந்தால் முதலில் உயிர் போவது தண்ணீரில் நிற்கும் ஆளுக்குத்தான் என்று பாடத்தில் படித்திருந்தேன். பாடத்தில் வந்த அந்த ஆளை நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். டெஸ்ட் எல்லாம் சரியாக வந்த பிறகும், அவரிடம் போய், கரண்ட் கொடுக்கப் போகிறேன், கொஞ்சம் மேலே ஏறிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், அன்ரியின் பட்டுச்சேலையைப் பார்த்தார். இறாலும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். உடனே ஏறிவிட்டார்.

வயரை முதலில் படகில் செருகினேன், பிறகு கரையில். கரண்ட் உள்ள முனை எப்போதும் தண்ணீருக்கு மேலே தொங்கக் கூடாது. சட்டையைத் தூக்கிச் சாவியை எடுத்தேன், பூட்டைத் திறந்தேன், ஸ்விட்சைப் போட்டேன். படகுக்குள் போய்ப் பெரிய ஸ்விட்ச், பிறகு சின்னவை. சமையல் மூலைச் சாக்கெட்டில் குத்தியிருந்த மின்விசிறி சுற்றியது. அன்ரி வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்து, முதல் வேலையாகத் தன் மெஷினைப் படுக்கை அறைச் சாக்கெட்டில் குத்திவிட்டு, பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தார். பிறகு அடுப்பில் பானையை வைத்தார். இன்னும் பத்து நிமிடம் நல்ல நேரம் இருந்தது.

"அன்ரி, பால் கொதிச்சதும் ஸ்விட்சை ஆஃப் பண்ணிடலாம்," என்றேன்.

"ஏன் ஓஃப் பண்ணுறது? பொங்கி வழிய வேணுமெல்லோ."

எங்கள் ஊரிலும் புதுவீட்டில் பால் பொங்கித்தான் வழியும். எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் எப்போதும் அம்மாவின் மகனாகத்தான் பார்த்திருக்கிறேன். எத்தனை விதிகளைப் படித்திருந்தும், எந்தச் சாதனத்தை யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று அத்தனை யோசித்திருந்தும், ஒரு மின்சார அடுப்பின் மேல் வேண்டுமென்றே, மங்களகரமாக, பாலை வழியவிடுவார்கள் என்பது என் தலைக்குள் எலெக்ட்ரீசியன் இருக்கும் பக்கத்துக்குப் போகவே இல்லை.

"எந்தப் பக்கம் கிழக்கு?" என்றார் அன்ரி.

அங்கிள் போனை எடுத்துத் திசைகாட்டியைப் பார்த்தார். கையை நீட்டினார். கை நேரே என் புதுப் பேனலைக் காட்டியது.

"அன்ரி, வேற பக்கம் வழியலாமா?"

"மேற்காலயோ? பேசாமல் இரும் தம்பி."

நான் பேனலுக்கும் அடுப்புக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன், கையில் ஒரு துண்டோடு. பால் மெதுவாக எழுந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தோம். அந்த நேரம் பார்த்து ஆற்றில் யாரோ வேகமாகப் படகு ஓட்டிக்கொண்டு போனார்கள். அலை வந்து எங்களைத் தூக்கியது. படகு சாய்ந்தது. பால் கிழக்கும் மேற்கும் பார்க்காமல் எல்லாப் பக்கமும் பொங்கி, அடுப்பின் மேலும், அடுப்புக்கு உள்ளும், என் சட்டையிலும் வழிந்தது.

'டக்' என்று ஒரு சத்தம். மின்விசிறி சுற்றுவதை நிறுத்தியது.

அங்கிளின் முகத்தில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது: நல்ல நிலையில் உள்ள படகு, ஒரு தடவை பால் காய்ச்சியது. அன்ரி பானையைப் பார்த்தபடி நின்றார். பால் பொங்கிய அதே நொடியில் கரண்ட் போவது எந்தக் கணக்கிலும் நல்ல சகுனம் இல்லை.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"வேலை செய்யுது அங்கிள்," என்றேன்.

அங்கிள் என்னை மெல்லத் திரும்பிப் பார்த்தார். "நிண்டுபோச்சு, தம்பி."

"ஆமா அங்கிள், நின்னுடுச்சு. கரெக்டா நின்னுடுச்சு."

"உமக்குச் சூடு பட்டுட்டுதோ?"

"பொறுங்கோ," என்றார் அன்ரி. அவர் குரல் ஆஸ்பத்திரிக் குரலாக மாறியிருந்தது. "என்ன வேலை செய்யுது? வடிவாச் சொல்லும்."

சொன்னேன். பால் அடுப்புக்குள் போனது, கரண்ட் பால் வழியாக வெளியே கிளம்பியது, கிளம்பியதை அந்தச் சின்ன ஸ்விட்ச் கண்டுபிடித்துத் துண்டித்தது. அது இல்லாவிட்டால், அடுப்பின் தகரத்தைத் தொட்டவர் கதி என்ன, தண்ணீரில் நின்றவர் கதி என்ன என்பதையும் சொன்னேன். கொஞ்சம் நீளமாகவே சொன்னேன். அங்கிள் நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப என்ர மெஷின்?"

அதை நானே மறந்திருந்தேன். அன்ரி திரும்பிப் படுக்கை அறைக்குள் எட்டிப் பார்த்தார். நானும் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே பக்கத்துப் படகின் ரேடியோவில் யாரோ அவுட் ஆகிக் கூட்டம் கத்தியது, அப்படியென்றால் கம்பமும் தப்பித்துவிட்டது.

அன்ரி மெஷினின் பொத்தானை அமுக்கினார். காற்று வந்தது. முகமூடியைக் கையில் வைத்துப் பார்த்தார். பேனலுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இன்னொருக்கா செய்து காட்டும்."

"பால் வேணாம் அன்ரி, இதுக்குன்னே ஒரு பொத்தான் இருக்கு." அடுப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சமையல் மூலை ஸ்விட்சை மறுபடி மேலே தள்ளினேன். மின்விசிறி சுற்றியது. அதில் இருக்கும் சோதனைப் பொத்தானை அமுக்கினேன். டக். நின்றது. பச்சை விளக்கு அசையவில்லை.

"விலகும்." அன்ரி தானே அமுக்கினார். டக். மறுபடி தள்ளி மறுபடி அமுக்கினார். டக். ஒரு நோயாளியின் நாடியைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இஞ்சருங்கோ," என்றார் அங்கிளிடம். "எங்கட வீட்டில அடுப்பில பால் பொங்கினா, நான் குளிக்கிற அறையில இருந்து கத்த வேணும். நீங்கள் பக்கத்தில கதிரையில இருந்து பேப்பர் பாப்பியள். இது ஒருத்தரும் சொல்லாமல் தானாப் பாத்து நிப்பாட்டுது."

"அதுக்குத்தானே தம்பியைப் பிடிச்சனான்," என்றார் அங்கிள், மெதுவாக எழுந்தபடி.

"சகுனம் எப்பிடி அன்ரி?" என்று கேட்டேன். எனக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

"பால் பொங்கினது நல்ல நேரத்துக்குள்ள. கறண்ட் நிண்டது அதுக்குப் பிறகு. ரெண்டும் வேற வேற." பானையில் மிச்சமிருந்த பாலை மூன்று குவளையில் ஊற்றினார். "இண்டைக்கு நிக்கிறன். அடுப்பைக் கொண்டுபோம், சாப்பாடு வீட்டில இருந்து கொண்டு வந்தனான்."

அடுப்பை எடுத்துக்கொண்டு, சான்றிதழில் கையெழுத்துப் போட்டு மேலாளரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சட்டையில் பால் காய்ந்து விறைத்திருந்தது. அன்று இரவு எனக்குத்தான் சரியாகத் தூக்கமில்லை.

மறுநாள் விடிந்ததும் படகுத்துறைக்குப் போனேன். கார் நிறுத்துமிடத்தில் அங்கிளின் கார் நின்றது. அதன் முன் சீட்டு முழுவதும் சாய்ந்திருந்தது. அதில் அங்கிள், கம்பளி ஒன்றைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கிடந்தார். ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"என்ன அங்கிள், மெஷின் நின்னுடுச்சா?"

அவர் கண்ணாடியை விரல் அளவு இறக்கினார். முகம் வெளுத்திருந்தது. "மெஷினுக்கு ஒண்டுமில்லை. போட் ஆடுது தம்பி. படுத்தா ஆடுது, எழும்பினா ஆடுது. மூண்டு தரம் சத்தி எடுத்திட்டன், வயித்தில ஒண்டும் மிச்சமில்லை. கார் ஆடாது."

"அன்ரி?"

"போய்ப் பாரும்."

போனேன். அன்ரி படகின் பின்பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் தேத்தண்ணியோடு. தண்ணீர்மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. முகமூடி அழுத்திய தடம் இன்னும் கன்னத்தில் இருந்தது. கெட்டில் நன்றாக வேலை செய்கிறது என்றார். இவ்வளவு நல்ல நித்திரை வீட்டில்கூடக் கொண்டதில்லை என்றார்.

"அங்கிள் கார்ல இருக்காரே அன்ரி."

"தெரியும். நான்தான் கம்பளி குடுத்து அனுப்பினனான். மண்டை கெட்ட மனுசன், கடல்ல படுக்க ஆசை, ஆத்தையே தாங்க ஏலாது." சொல்லிவிட்டுச் சிரித்தார். "விக்கத் தேவையில்லை எண்டு சொல்லும். அடுத்த சனிக்கிழமையும் வருவம். அவர் பகலில இஞ்ச இருக்கட்டும், இரவில காரில படுக்கட்டும். இப்ப தேத்தண்ணி ஆறுறதுக்கு முன்னம் வரச் சொல்லும்."

திரும்பக் காருக்கு நடந்துபோய் எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் சொன்னேன், மண்டை கெட்ட மனுசன் உட்பட. அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சொல்லேக்க சிரிச்சவவோ?"

"சிரிச்சாங்க அங்கிள்."

அவர் சீட்டை நிமிர்த்தி, கண்ணாடியில் பார்த்துத் தலையைக் கையால் கோதிக்கொண்டு, கதவைத் திறந்தார்.